இரட்டை வீட்டின் அசல் சிவப்பு

"மனித குலத்தின் உண்மையான வரலாறு அரண்மனைகளில் இல்லை, தொழிலாளியின் செங்கல் வீட்டிலேதான் எழுதப்பட்டிருக்கிறது" என்றார் மொசியே பெர்ஜியே. சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவரைச் சுற்றி நடைபாதையில் நின்ற புறநகர்ப் பாரம்பரிய நண்பர்கள் சங்கத்தினர் தலை குனிந்தார்கள். அந்த மௌனத்துக்குள், வரலாறு எழுதப்பட்டிருந்த வீட்டின் குசினி ஜன்னலிலிருந்து கருவாடு பொரிகிற மணம் மெல்ல இறங்கி வந்தது. நெஞ்சிலிருந்த தொப்பி மூக்குக்கு ஏறியது. அன்றைக்கு வரலாறு அதோடு முடிந்தது.

அது 1995ஆம் ஆண்டு மார்ச் மாதம். சுவிஸில், லோசானை ஒட்டிய ரெனான் என்ற ஊரில், ரயில் பாதையைத் தாண்டி மேலே ஏறுகிற ஒரு சின்னத் தெருவில் அந்த வீடு இருந்தது. வீடு என்று சொன்னாலும் உண்மையில் இரண்டு. ஒரே கூரை, நடுவில் ஒரு பொதுச் சுவர். ஒன்றின் கதவு இடது ஓரத்தில், மற்றதன் கதவு வலது ஓரத்தில். ஒன்றில் ஆள் மாடிப்படி ஏறினால் மற்றதில் படி முனகும். 1907இல் செங்கல் சூளைக்காரர்கள் தங்கள் மேஸ்திரிமாருக்காக இப்படி ஐந்து சோடி கட்டினார்கள். சூளை போய் அந்த இடத்தில் இப்போது தளபாடக் கடையின் கார் நிறுத்துமிடம். நாலு சோடி போய் அந்த இடத்தில் பல்கனி வைத்த ஃபிளாட்டுகள். எஞ்சியது இந்த ஒரு சோடிதான். எத்தனையோ வருடம் ஒருவரும் திரும்பிப் பார்க்காத வீடு, கடைசியாக மிஞ்சிவிட்டதால் அபூர்வமாகிவிட்டது. சில குடும்பங்களில் மாமன்மாருக்கும் இப்படி நடப்பதுண்டு.

வீட்டுச் சொந்தக்காரருக்காகக் குடியிருப்பவர்களை மேய்க்கிற கந்தோருக்கு அங்கே ரெஜி என்று பெயர். ரெஜி இந்த வீட்டுக்கு ஆணி அடிப்பதையே நிறுத்திவிட்டிருந்தது. கூரை ஒழுகினால் "பார்க்கிறோம்" என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கூரையை அல்ல, கூரை போன பிறகு அங்கே எத்தனை மாடி எழுப்பலாம் என்பதை.

இடப்பக்க வீட்டில் சாமித்தம்பியும் கமலாவதியும் வாடகைக்கு இருந்தார்கள். களுவாஞ்சிக்குடிக்காரர்கள். சாமித்தம்பிக்கு ஊர் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. கமலாவதிக்கு வரலாறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது கருவாடு பொரிக்க ஒரு குசினி. முதல் ஃபிளாட்டில் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். இரண்டாவதில் லிஃப்டுக்குள் "சில மணங்கள்" பற்றி அறிவித்தல் ஒட்டினார்கள். மூன்றாவதில் இவர்களை எழுப்பச் சொல்லிப் படிக்கட்டு முழுவதுமே கையெழுத்து வைத்துக் கொடுத்தது. தீபாவளிக்குப் பலகாரம் வாங்கித் தின்ற மனுசியும் அதில் இருந்தாள். அவளுடைய கையெழுத்துத்தான் ஆக வடிவாக இருந்தது என்று கமலாவதி இன்றைக்கும் சொல்வாள்.

வலப்பக்க வீட்டில் மதாம் கொர்னு. எண்பது தாண்டிய விதவை. எழுபதுகளில் வந்த ஒரு காய்ச்சலோடு அவருக்கு மணம் பிடிக்கும் சக்தி அடியோடு போய்விட்டது. கருவாட்டைப் பொறுத்தவரை, அந்தக் கன்டோனிலேயே அவரைவிடச் சிறந்த அயலவர் கிடைக்க மாட்டார்.

கமலாவதி சனிக்கிழமைகளில் வேலிக்கு மேலால் ஒரு தட்டு சாப்பாடு கொடுப்பாள். முதல்முறை தட்டு கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வந்தது. கமலாவதியின் முகம் போன போக்கைப் பார்த்து, ஏதோ பிழை நடந்துவிட்டது என்று மதாம் கொர்னுவுக்கு விளங்கியது. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று சாமித்தம்பி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினான். அதற்குப் பிறகு தட்டு ஒருநாளும் வெறுமையாக வரவில்லை. வால்நட் வந்தது. முட்டை வந்தது. வீட்டில் ஒன்றும் இல்லாத ஒரு சனிக்கிழமை, மின்குமிழ் ஒன்று வந்தது. எரிகிற குமிழ்தான்.

இந்த வீட்டை இடித்தால் மதாம் கொர்னு போகவேண்டிய இடம் முதியோர் இல்லம். சாமித்தம்பி வேலை செய்கிற அதே இல்லம்.

"உங்களோடு எனக்குக் கோபமில்லை, மொசியே சாமி" என்று ஒருநாள் சொன்னார். "ஆனால் என் இரவுச் சட்டையை நீங்கள் மடிக்கப்போவதில்லை."

*

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை பாலச்சந்திரன் வந்தார். அவர் தமிழ்ப் பண்பாட்டு மன்றத்தின் தலைவர், செயலாளர், மேடையில் ஆள் குறைந்தால் நன்றியுரை. வார நாட்களில் லோசானில் ஒரு ரெஸ்டோரண்டில் சலாட் கழுவுவார். மற்ற நேரமெல்லாம் கழுத்துப்பட்டி கட்டி, கந்தோர்களில் தமிழருக்கு மொழிபெயர்ப்பார். அவருடைய பிரெஞ்சு நல்லது. அவர் மொழிபெயர்த்தால் இரண்டு பக்கமும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகும். யார் என்ன சொன்னார்கள் என்பது பிறகுதான் தெரியவரும்.

"தம்பி, சனிக்கிழமை காலமை உங்கடை வீட்டைப் பார்க்க வருகினம். கொம்யூன் எண்ட ஊர்ச்சபை அதிகாரி, ரெஜிக்காரன், அந்தப் பெரிய நிபுணர். சும்மா ஆக்கள் இல்லை. பத்ரிமுவான் ஆக்கள்."

"அதென்ன அண்ணை?"

"பாரம்பரியம். ஒரு பழைய சாமானை இனி ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு சட்டம் போடுறது."

"பழைய சாமான் எண்டா எங்கடை ஃபிரிட்ஜும் அதுக்குள்ள வருமோ?" குசினியிலிருந்து கமலாவதி கேட்டாள்.

பாலச்சந்திரன் சிரிக்கவில்லை. பண்பாடு பற்றிப் பேசும்போது அவர் சிரிப்பதில்லை. "தங்கச்சி, இது விளையாட்டில்லை. ஒண்டிலயிருந்து ஏழு வரைக்கும் தரம் போடுவினம். ஒண்டு எண்டால் கதீட்ரல். ஏழு எண்டால் இடிச்சாப் புண்ணியம். உங்கடை வீட்டுக்கு மூண்டு கிடைச்சால் ஒருத்தரும் கை வைக்கேலாது. காலாகாலத்துக்கும் இருக்கலாம். நாலுக்குப் போச்சுதோ, ரெஜிக்காரன் புல்டோசரோடை வந்து நிற்பான்."

"அந்த நிபுணர் எங்கடை பக்கமோ?"

"அவர் செங்கல்லின்ரை பக்கம். வாழ்க்கை முழுக்கச் செங்கல்லைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிற மனுசன். அவர் ஓம் எண்டால் கொம்யூன் ஓம். எல்லாம் அவற்றை வாயிலதான் இருக்கு." பாலச்சந்திரன் வெளியே போய் நின்று சுவரைப் பார்த்தார். தொண்ணூறு வருட ரயில் கரி. பனி கடித்து முனை உதிர்ந்த கற்கள். அங்கங்கே பாசி. அவர் சுவரை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்து, கைலேஞ்சியில் துடைத்தார்.

"தம்பி, கேக்கிறனெண்டு குறை நினையாதை. ஒரு பெரிய மனுசனுக்குக் காட்டுற சுவரோ இது?"

சாமித்தம்பி சுவரை அண்ணாந்து பார்த்தான். அவனுடைய மனம் களுவாஞ்சிக்குடிப் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் போய்விட்டது. மாவட்டக் கச்சேரியிலிருந்து அரசாங்க அதிபர் ஜீ.ஏ. வருகிறார் என்று பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். மதிலுக்கு அடித்தார்கள். மிச்சச் சுண்ணாம்பைத் தென்னைமரங்களுக்கு அரைவாசி உயரம் அடித்தார்கள். அப்படியும் மிஞ்ச, ஒழுங்கைக் கல்லுகளுக்கும் பூசினார்கள். ஜீ.ஏ. திரும்பிப் போகும்போது அவருடைய சப்பாத்தும் வெள்ளை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் கட்டடமும் கிடைத்தது. பெரிய மனுசர் வரும்போது வீடு வெள்ளையடித்து நிற்பது மரியாதை; நிற்காவிட்டால், இந்த வீடு எங்களுக்குப் பெரிசில்லை என்று நாங்களே சொல்வது போல.

"ரெண்டு நாள் லீவு எடுக்கலாம்" என்றான்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்" என்றார் பாலச்சந்திரன்.

இனி ஒருத்தரும் தொடக்கூடாது என்று சட்டம் போடப்போகிற சாமானைத்தான் இப்போது தொடப்போகிறார்கள் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. கமலாவதி மட்டும், "சும்மா கூட்டித் துடைச்சாக் காணாதோ?" என்று கேட்டாள். பெண்கள் பெயின்ட் விஷயத்தில் தலையிடக்கூடாது என்று இருவரும் ஒரே குரலில் தீர்மானித்தார்கள்.

*

கடையில் கழிவு விலைக்குப் போட்டிருந்த எண்ணெய்ப் பெயின்ட், கராஜ் கதவுகளுக்கானது. நிறம் செங்கல் சிவப்பு என்று தகரத்தில் படம் போட்டிருந்தது. மினுங்கும், மழை பிடிக்காது, வருடக் கணக்கில் நிற்கும். சாமித்தம்பிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வியாழக்கிழமை ஏணி வைத்து முகட்டிலிருந்து பூசிக்கொண்டே இறங்கி வந்தான். ஏரிப்பக்கமிருந்து குளிர்காற்று. தூறலும் இடைக்கிடை வந்து போனது. பெயின்ட் காயாமல் பிடிவாதம் பிடித்தது. ஒருமுறை காற்று கையிலிருந்த பிரஷைத் தட்டிவிட, ஒரு துளி பொதுச்சுவர் எல்லையைத் தாண்டி மதாம் கொர்னுவின் ஜன்னல் கட்டுக்குக் கீழே போய் ஒட்டியது. துடைக்கவேண்டும் என்று நினைத்தான். பிறகு மறந்துபோனான்.

ஜன்னலைத் திறந்து மதாம் கொர்னு எட்டிப் பார்த்தார்.

"இது எதற்கு, மொசியே சாமி?"

"சனிக்கிழமை பெரிய மொசியே வருகிறார். அவருக்கு மரியாதை."

மதாம் கொர்னு சுவரைப் பார்த்தார். ஏணியில் நிற்பவனைப் பார்த்தார். அவனுடைய மூக்கிலும் சிவப்பு இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "தொப்பி போடுங்கள், தடிமன் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

பின்னேரம் கமலாவதி தெருவுக்கு மறுபக்கம் போய் நின்று பார்த்தாள். இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. செங்கல்லைப் பார்க்கத்தானே அந்த மனுசன் வாறார்?"

"ஓம்."

"இதில செங்கல் எங்கை?"

உண்மைதான். கல்லும் இடைச்சாந்தும் ஒன்றாகி வீடு ஒரு பெரிய தபால் பெட்டி போல நின்றது. சாமித்தம்பி ஏணியிலிருந்து இறங்கிப் புல்லில் குந்தினான். அவனுடைய தோள் தொங்கிப்போனதைப் பார்த்துக் கமலாவதிக்கு இரக்கம் வந்தது. அது வரும்போது அவளுக்கு வாயில் கோபமாகத்தான் வரும்.

"குந்தியிருந்து என்ன செய்யிறது? வெள்ளைப் பெயின்ட் வாங்கிக்கொண்டு வாங்கோ. சின்னப் பிரஷ் ரெண்டு. நேரான பலகை ஒண்டு."

வெள்ளிக்கிழமை முழுவதும் கமலாவதி செங்கல் கீறினாள். பலகையை வைத்துப் படுக்கைக் கோடு, பிறகு நெடுக்குக் கோடு. கையெட்டாத இடத்துக்குச் சாமித்தம்பி. உள்ளே இருந்த உண்மையான செங்கல்லைவிட அவளுடைய செங்கல் ஒன்றரை மடங்கு பெரிது. சின்னதாகக் கீற நேரமில்லை. தெருவால் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "வடிவு" என்றார். அவர் இத்தாலிக்காரர், நல்ல மனுசன்.

அன்றிரவு கமலாவதி கருவாடு பொரிக்கவில்லை. பெரிய மனுசர் வரும்போது வீடு மணக்கக்கூடாது. மூன்று வீடு மாறிய அனுபவம்.

*

சனிக்கிழமை காலை கதவடியில் நிறைகுடம் வைத்தார்கள். குத்துவிளக்கைக் காற்று அணைத்தது, பாலச்சந்திரன் கொளுத்தினார், காற்று மறுபடி அணைத்தது. அவர் கையில் ஒரு பொன்னாடையும் இருந்தது. மன்றத்தின் ஆண்டு விழாவில் யாருக்கோ போர்த்தி, மடித்து எடுத்துவைத்தது.

முதலில் கொம்யூன் அதிகாரி வந்தார். குடை பிடித்த, தடிமன் பிடித்த ஒரு பெண்மணி. பின்னால் மினுங்குகிற சப்பாத்தோடு ரெஜிக்காரர். கடைசியாக, கழுத்தில் கமெராவும் நீளச் சால்வையுமாக மொசியே பெர்ஜியே. "இந்தச் சுவரின் கரியைப் பாருங்கள், இது கரியல்ல, காலத்தின் கையெழுத்து" என்று அதிகாரிக்குச் சொல்லிக்கொண்டே தெருவாசல் படலை வரைக்கும் வந்தார்.

படலையடியில் நின்றுவிட்டார்.

வீட்டின் வலப்பாதி கறுத்து, உதிர்ந்து, காலம் கையெழுத்து வைத்தபடி நின்றது. இடப்பாதி பளபளவென்று, பாலர் வகுப்புப் புத்தகத்தில் 'வீ - வீடு' என்று போட்டிருக்கும் படம் போல நின்றது.

"கடவுளே" என்றார் பெர்ஜியே.

"கடவுளைக் கும்பிடுறார்" என்று பாலச்சந்திரன் தமிழில் சொல்லி, முன்னால் போய்ப் பொன்னாடையைப் போர்த்தினார். பெர்ஜியே அதைக் கவனிக்கவில்லை. ஜரிகைக் கரை போட்ட பொன்னாடையோடு, நடக்கத் தெரியாதவர் போல இரண்டடி முன்னால் வைத்தார்.

"இது கொலை" என்றார். "தொண்ணூறு வருடத்துத் தோலை உரித்துவிட்டார்கள். இது கொலை."

"என்ன அண்ணை சொல்லுறார்?" கமலாவதி கேட்டாள்.

"உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், தங்கச்சி."

சாமித்தம்பிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கொலை என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தொலைக்காட்சிச் செய்தியில் தினம் கேட்கிறவன். 

ரெஜிக்காரருக்கு அன்றைய காலை மிகவும் அழகாகிக்கொண்டு வந்தது. "பாரம்பரியம் இன்னும் காயவில்லைப் போலிருக்கிறது" என்றார். "மதாம், கோட்டைக் கவனியுங்கள், ஒட்டும். தரம் ஆறு என்று எழுதிக்கொண்டால் நாம் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம்."

அதிகாரி மூக்கைச் சீறிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"நான் கழுவுறன்" என்றான் சாமித்தம்பி. தமிழில் சொன்னதை உணர்ந்து பிரெஞ்சில் சொன்னான். "கழுவுகிறேன், மொசியே. இன்றைக்கே. பெயின்ட் கரைக்கிற தினர் போட்டு. எனக்குக் கழுவத் தெரியும், நான் சலவை வேலைதான்."

"கழுவினால் கல்லும் போய்விடும்!" என்று பெர்ஜியே அலறினார். பொன்னாடை ஒரு தோளால் சரிந்து இறங்கியது.

சாமித்தம்பி தன் கைகளைப் பார்த்தான். நகத்துக்குள் இன்னும் சிவப்பு. இந்த வீட்டைக் காப்பாற்ற என்று இரண்டு நாள் லீவு எடுத்து, ஏணி கடன் வாங்கி, மழையில் நனைந்து, இந்த வீட்டைத் தானே இடித்துவிட்டான். கமலாவதிக்குப் பிரெஞ்சு அவ்வளவு விளங்காது. பேனா திறந்திருப்பது விளங்கியது. அடுத்த ஃபிளாட், அடுத்த லிஃப்ட், லிஃப்டுக்குள் அடுத்த அறிவித்தல் எல்லாம் விளங்கியது. நான் சொன்னேனே என்று சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. அவனுடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்த ஒரு புல்லை எடுத்துப் போட்டாள்.

அப்போது வலப்பக்கக் கதவு திறந்தது. இரவுச் சட்டைக்கு மேலே கோட்டு மாட்டிக்கொண்டு மதாம் கொர்னு படியிறங்கி வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். மறு கையில் கமலாவதியின் தட்டு. தட்டில் இரண்டு அப்பிள்.

"என்ன சத்தம்? செத்தவீடா?" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "ஒருவழியாக யாராவது பெயின்ட் அடித்தார்களே. என் அப்பா போன பிறகு இந்தச் சுவர் நிர்வாணமாக நின்றது. எனக்கு வெட்கமாக இருக்கும்."

பெர்ஜியே திரும்பினார். "உங்கள் அப்பா?"

"வருடா வருடம் அடிப்பார். ஈஸ்டருக்கு முந்திய கிழமை. சூளை முதலாளியின் கட்டளை. நீங்கள் புத்தகம் எழுதுகிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்குமே? இந்தக் கற்கள் விற்க முடியாத கழிவுக் கற்கள், மொசியே. ஒன்று கூட வெந்தது, ஒன்று குறைய வெந்தது, ஒவ்வொன்றும் ஒரு நிறம். மேஸ்திரிமாருக்குக் கழிவுக் கல்லில் வீடு கட்டிக் கொடுத்தோம் என்று தெருவுக்குத் தெரியலாமா? அதனால் மேலே சிவப்பு. சிவப்புக்கு மேலே வெள்ளைக் கோடு." ஊன்றுகோலால் கமலாவதியின் சுவரைச் சுட்டினார். "இதே மாதிரி. இவர்கள் என்னைக் கேட்டார்கள், நான் சொன்னேன்."

ரெஜிக்காரரின் முகம் மாறியது. "மன்னிக்கவேண்டும், மதாம். ஆதாரம்? ஒரு படம்? ஏதாவது?"

"நான் இருக்கிறேன். நான் போதாதா?"

"வயது போனவர்களின் ஞாபகம் சட்டத்தில்…"

"பொறுங்கள்!" என்றார் பெர்ஜியே.

அவர் மதாம் கொர்னுவின் ஜன்னலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்த சுவரில், கட்டின் நிழலில், கடலைப்பருப்பு அளவில் ஒரு சிவப்பு. பெர்ஜியே முழங்காலில் இறங்கினார். பொன்னாடை முழுதாக விழுந்து சேற்றில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மழை படாத மூலை. அதனால்தான் பிழைத்திருக்கிறது" என்று கிசுகிசுத்தார். "பழைய பூச்சின் கடைசித் துளி."

"அது நான்…" என்று சாமித்தம்பி தொடங்கினான். கமலாவதி அவனுடைய காலில் ஏறி நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு முழுக்கத் தெரியாது. கிழவி தங்களுக்காகச் சண்டை பிடிக்கிறார் என்பது தெரியும். அது காணும்.

"வாயை மூடுங்கோ" என்றாள் சிரித்த முகத்தோடு.

பெர்ஜியே சட்டைப் பையிலிருந்து சிறு கத்தி எடுத்து, துளியைக் கொஞ்சம் கல்லோடு சேர்த்து நெம்பி, கறுத்த பிலிம் ரோல் டப்பாவுக்குள் போட்டு மூடினார். எழுந்தபோது அவர் வேறு மனிதர். கொலையைப் பற்றிய பேச்சே இல்லை.

"நான் எப்போதும் சந்தேகித்தேன்" என்று அதிகாரியிடம் சொன்னார். "என் நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் அடிக்குறிப்பாகக் கோடி காட்டியும் இருக்கிறேன். இந்தக் குடும்பம் செய்திருப்பது சிதைப்பல்ல, மதாம். மீட்பு!" சுவருக்குக் கிட்டப் போய்க் கமலாவதியின் கோடுகளை ஆராய்ந்தார். "ஆனால் இந்தக் கட்டங்கள் உண்மையான கல்லைவிடப் பெரிதாக இருக்கின்றனவே. ஏன்?"

"தங்கச்சி, ஏன் பெரிசாக் கீறினனி எண்டு கேக்கிறார்."

"கை உளைஞ்சுதெண்டு சொல்லுங்கோ."

பாலச்சந்திரன் தொண்டையைச் செருமினார். "மரபு என்கிறாள், மொசியே."

"பாருங்கள்!" என்றார் பெர்ஜியே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாமர மக்களின் நினைவு எல்லாவற்றையும் பெரிதாக்கித்தான் வைத்திருக்கும்."

அதிகாரி தும்மினார். பிறகு, ரெஜிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று என்று எழுதினார்.

*

முடிவு ஜூன் மாதம் வந்தது. வீட்டை இடிக்க முடியாது. அதோடு, சிவப்புப் பூச்சும் வெள்ளைக் கோடும் பாரம்பரியத்தின் பிரிக்கமுடியாத அங்கம் என்பதால், ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்திய கிழமை இரண்டு பாதியையும் பூசவேண்டும். கட்டத்தின் அளவு மாறக்கூடாது. கமலாவதியின் கை உளைச்சல் இப்படியாகச் சட்டமாயிற்று. பெயின்ட் வாங்கிக் கொடுப்பது ரெஜியின் பொறுப்பு. ரெஜிக்காரர் வருடா வருடம் தானே தகரத்தைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் படலையடியில் வைத்துவிட்டுப் போகிறார்.

மன்றத்தின் ஆண்டு விழாவில் பாலச்சந்திரன் 'சுவிஸின் பாரம்பரியத்தை மீட்டெடுத்த தமிழன்' என்ற தலைப்பில் உரையாற்றினார். தமிழன் என்பது தன்னைத்தான். சாமித்தம்பி பின்வரிசையில் தேத்தண்ணீர்க் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தான். கைதட்டும் இடத்தில் கைதட்டினான். பொய்யில் கிடைத்த வீடு என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன முள் இருந்தது. கமலாவதிக்கு இல்லை. கதவுக்கு முன்னால் நிறைகுடம் வைத்து வரவேற்ற எங்களை வெளியேற்றப் பார்த்தார்களே, அதுக்கு இது சரி என்பாள்.

ஒரு சனிக்கிழமை மதாம் கொர்னு தட்டைத் திருப்பித் தர வந்தபோது, கமலாவதி தன் பிரெஞ்சை எல்லாம் கூட்டிச் சேர்த்து, "உங்கள் அப்பா நல்ல மனிதர். மெர்சி, அப்பாவுக்கு" என்றாள்.

மதாம் கொர்னு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "என் அப்பா மோர்ஜ் ஊரில் பல் வைத்தியர்" என்றார். "வாழ்நாளில் பிரஷ் தொட்டதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தது கல்யாணமாகி, 1961ஆம் ஆண்டில்."

"அப்போ பெயின்ட்?"

"யாரும் அடித்ததில்லை. கல்லும் நல்ல கல்தான்." தட்டை நீட்டினார். "இரவுச் சட்டையைப் பற்றி உன் புருஷனிடம் சொன்னேனே. நான் சும்மா சொல்கிற ஆள் இல்லை."

கமலாவதி பாதிதான் விளங்கிக்கொண்டாள். பாதி போதுமாயிருந்தது. உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். கருவாட்டு மணம் ஜன்னலால் இறங்கிப் பாரம்பரியம் முழுவதையும் சுற்றி வந்தது. மதாம் கொர்னு ஒன்றும் மணக்காத முகத்தோடு வெயிலில் இருந்தார்.

கொம்யூன் மண்டபத்தின் நுழைவாயிலில் இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். மொசியே பெர்ஜியே தன் நூலின் இரண்டாம் பதிப்பை அதற்கு முன்னால் நின்றுதான் வெளியிட்டார். பெட்டிக்குள் 'அசல் சிவப்பு, 1907' என்று எழுதிய அட்டை. அட்டைக்குப் பக்கத்தில், துளியைத் தனியாக வைக்காமல், பிலிம் ரோல் டப்பாவோடேயே வைத்திருக்கிறார்கள்.

துளியை டப்பாவிலிருந்து எடுக்க முடியவில்லை. உள்ளே போடும்போது பெயின்ட் காய்ந்திருக்கவில்லை.